இடதுபக்க ஜன்னல்

இடதுபக்க ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால், மகள் எதிர்வரிசைக் குடும்பத்திடம் கெஞ்சிக் கூத்தாடி இடம் மாற்றி வாங்கித் தந்தாள். மலை உச்சியில் இடிந்து கிடக்கும் பழைய நகரத்தைப் பார்க்கப் போகிற கூட்டம் அது. காலையில் ஏறி மாலையில் இறங்குகிற வண்டி. பெட்டிக்கு ஒரு கைடு, கையில் மைக். மற்றவர்கள் உச்சியைப் பார்க்க வந்திருந்தார்கள். அவள் வந்தது தரையைப் பார்க்க.

இந்தப் பாதையில் இருபத்திரண்டு வருஷம் தண்டவாள வேலை. ஜல்லி கொட்டி, ஸ்லீப்பர் கட்டை மாற்றி, ஆணி இறுக்கி உள்ளங்கை செருப்புத் தோலாகிவிட்டது. ஆனாலும் இந்த வண்டியில் ஒரு நாளும் ஏறியதில்லை. மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறாள் என்று கூட வேலை செய்யும் நான்கு பேரும் சேர்ந்து இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். "மேல எல்லாம் இடிஞ்சு கெடக்காம்க்கா. போறதுதான் போற, ரெண்டு கூடை ஜல்லி போட்டு நிமித்திட்டு வந்துரு" என்றார் மேஸ்திரி. அவளும் சிரித்து வைத்தாள்.

எழுபத்து மூன்றாவது கம்பத்தடி வளைவுதான் அவள் மனசில் இருந்தது. இந்த வேலை முதலில் அவள் புருஷனுடையது. அந்த வளைவில் தனியாக ஆணி இறுக்கிக்கொண்டிருந்தபோது, இதே காலை வண்டி அடித்துத்தான் அவன் போனான். டிரைவர் ஹாரன் அடித்தார், தொழிலாளி கவனிக்கவில்லை என்று விசாரணைத் தாளில் எழுதி மூடிவிட்டார்கள். குடித்திருப்பான் என்றது தெரு. வேலை நாளில் ஒரு சொட்டுத் தொடாதவன் அவன். தண்டவாளத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற காது அவனுக்கு. அவன் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். கூடவே அவன் பேரில் எழுதின பழியும் அவள் தலையில் ஏறிக்கொண்டது. வண்டியின் உயரத்திலிருந்து பார்த்தால், குனிந்திருக்கிற ஆள் எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுவான்? தரையில் நின்று அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. வண்டி இடப்பக்கம் திரும்புகிற வளைவு அது. ஜன்னலில் தலையைச் சாய்த்தால் முன்னால் போகிற பாதை தெரியும்.

அந்த டிரைவர் இந்தப் பாதைக்குப் புதுசு. அன்று அவனுக்கு மூன்றாவது நாள். ஒரு வருஷம் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றான். "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தான். மீதியைக் கேட்காமல் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நாளில் அவன் வேறு எங்கோ மாற்றல் வாங்கிப் போய்விட்டதாகக் கேள்வி.

எழுபதாவது கம்பம் தாண்டியதும் கன்னத்தை ஜன்னல் கம்பியில் அழுத்திக்கொண்டாள். எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. கைடு மைக்கை வாயருகே கொண்டுபோனான். "எல்லாரும் இடதுபக்கம் மேல பாருங்க. இப்ப விட்டா இந்தக் காட்சி கெடைக்காது." பெட்டியே அவள் மேல் சாய்ந்தது. யாருடைய பையோ தோளில் இடித்தது. அவளும் மேலே பார்த்தாள்.

இத்தனை வருஷமும் பாறைக் குவியல் என்று அவள் நினைத்திருந்தது சுவராக நின்றது. சுவருக்கு நடுவில் ஒரு வாசல். வாசலுக்குள் முழுசாக, அடைத்துக்கொண்டு, சூரியன். காலை வண்டி வரும்போது ஒதுங்கி நின்று சக்கரத்தைப் பார்க்க வேண்டும், ஏதாவது தொங்குகிறதா, உரசுகிறதா என்று. வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. இந்த வேளையில் இந்த இடத்தில் அவள் தலை ஒரு நாளும் நிமிர்ந்ததில்லை.

பார்வையைக் கீழே இறக்கியபோது எழுபத்தைந்தாவது கம்பம் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா எடத்தப் பாத்தியாம்மா?" என்றாள் மகள்.

"இல்ல. மேல பாத்துட்டேன்."

மகள் பின்னால் போய்விட்ட வளைவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நானுந்தாம்மா" என்றாள்.

உச்சியில் கைடு அரசன் கதை சொன்னான், படை கதை சொன்னான். ஆளுயரக் கற்களை இந்த மேட்டுக்கு ஏற்றினவர்களுக்கு அவன் கதையில் இடமில்லை. ஒரு கல்லின் விளிம்பைத் தடவினாள். உளித்தடம் இன்னும் சொரசொரவென்று இருந்தது. கூட்டம் படம் எடுக்கப் பிரிந்ததும் அவனிடம் போனாள்.

"தம்பி, அந்த வளைவுல இந்த வாசல் டிரைவருக்கும் தெரியுமா?"

"நமக்கு முன்னாடி அவருக்குத்தாம்மா தெரியும். ஆனா பழகுனவங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"புதுசா வந்தவங்க?"

அவன் சிரித்தான். "மொத தடவை நானே மைக்கைக் கையில வச்சுக்கிட்டு பேச மறந்துட்டேன்மா."

அவள் தலையை ஆட்டினாள். அந்த வாசலுக்கே போய்ப் படியில் உட்கார்ந்தாள். மகள் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம் மடியில் பிரிக்காமல் கிடந்தது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அந்த டிரைவர் எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று இதுவரை அவள் யோசித்ததில்லை.

கீழே வெகு தூரத்தில் அந்த வளைவு அரைஞாண் கயிறு மாதிரிக் கிடந்தது. அதன்மேல் நான்கு ஆரஞ்சுப் புள்ளிகள், வேலைச் சட்டைகள். இந்த வாரம் அங்கே கட்டை மாற்றுகிற வேலை. அவள் இல்லாததால் நாலு பேர். யார் யார் என்று இங்கிருந்து தெரியவில்லை. மதிய வண்டி பாறை மறைவிலிருந்து வெளிப்பட்டது. ஒரு புள்ளி விலகியது. இன்னொன்று. மூன்றாவது.

நான்காவது அப்படியே குனிந்திருந்தது.

அவள் எழுந்தாள். பொட்டலம் படியில் உருண்டது. சிவப்புக் கொடி பிடிக்கிற கை தானாக உயர்ந்தது. இங்கிருந்து கத்தி யார் காதில் விழப்போகிறது? ஹாரன் சத்தம் கேட்கவில்லை. அவள் காதில் காற்று மட்டும்தான். "என்னம்மா?" என்று மகள் ஓடிவந்தாள்.

புள்ளி நிமிர்ந்தது. ஒரு தாவில் பாதையை விட்டு விலகி, மற்ற மூன்றோடு சேர்ந்து சக்கரங்களைப் பார்த்து நின்றது. வண்டி அவர்களைத் தாண்டத் தொடங்கியது.

அதற்கப்புறம்தான், நீளமாக, ஹாரன் சத்தம் மலையேறி அவளிடம் வந்து சேர்ந்தது.