இரண்டு வயதில் இறந்தவளின் வாரிசுகள்

கபுண்டா ஊர்த் தேவாலயக் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மெர்வ் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டான்.

மறுநாள் குடும்பக் கூடல். கெஸியா யெலண்டின் வழிவந்தவர்கள் நாலா திசையிலிருந்தும் வந்து சேரப்போகிறார்கள். 1859இல் இங்கிலாந்தின் டெவன் பக்கத்திலிருந்து தன்னந்தனியாகக் கப்பலேறி, வீட்டுவேலைக்காகத் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்த பெண் அவள். அவள் பிறந்த வீடு எதுவென்று அந்த வழியில் வந்த டெல்சி ஆறு வருடம் நாயாய் அலைந்து கண்டுபிடித்தாள். அந்த வீட்டு வம்சத்தில் வந்த வால்டர் யெலண்ட், எண்பது வயதில் விமானம் ஏறி வந்து, கண்ணில் பட்டவரையெல்லாம் கட்டிப்பிடித்து அழுது தீர்த்துவிட்டு, கூடத்து மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"டெல்சி, உன் கெஸியா செத்துப்போயிட்டா" என்றான் மெர்வ். டெல்சியின் சித்தப்பா மகன். எழுபது வயதாகியும் வாய் அடங்காதவன்.

"அவ செத்து நூறு வருஷமாச்சு. அந்த மேசையை இப்படி இழு."

"ரெண்டு வயசுல செத்துட்டான்னு சொல்றேன்."

கைபேசியை நீட்டினான். டெவன் கல்லறைக் கல் ஒன்றின் படம். கெஸியா, ஜான், கிரேஸ் யெலண்ட் தம்பதியின் மகள், 1836, வயது இரண்டு. அதே ஊர், அதே அப்பா அம்மா. உயிரோடு கப்பலேறியவளின் பிறப்பைத்தானே தேடுவார்கள்? சாவைத் தேட டெல்சிக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டு வயசுல போய்ச் சேர்ந்தவ இங்க வந்து ஒன்பது பிள்ளை பெத்தாளா? அப்ப நாமெல்லாம் பேய்க்குப் பொறந்தவங்க. அந்தப் பெரியவர் யாரு நமக்கு? சும்மா வந்து கேக் சாப்பிட்டுப் போற வழிப்போக்கர்."

டெல்சி மூலையைத் திரும்பிப் பார்த்தாள். பாவம், அந்த மனிதர் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு, சொந்தம் சொந்தம் என்று ஓடி வந்திருக்கிறார். அவரை எழுப்பி என்னவென்று சொல்வது?

மெர்வின் மனைவி நோரீன் தட்டு நிறைய லாமிங்டன் கேக்கோடு வந்தவள், படத்தை எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கணக்குப்படி நீயும் செத்தவன்தான் மெர்வ்."

"என்ன உளர்ற?"

"கல்லறைத் தோட்டத்துல மரத்தடியில மெர்வின் ஹாக்கிங்னு உன் பேரே போட்டு, எட்டு மாசம்னு ஒரு கல் இருக்கே, அது யாரு? வருஷா வருஷம் புல்லு பிடுங்குறவ நான். மூத்தவன் போனதும் உங்கம்மா அவன் பேரையே உனக்கு வெச்சாங்க."

டெல்சி மெர்வின் முகத்தைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள். ஓடிப்போய் வால்டரை உலுக்கினாள்.

"வால்டர், எந்திரிங்க. முதல் கெஸியா செத்தப்புறம் அதே பேர்ல இன்னொருத்தி பொறந்தாளா? சர்ச் பதிவுல இல்லவே இல்லையே."

"எப்படி இருக்கும்?" கிழவர் கண்ணைக் கசக்கினார். "அந்த வருஷங்கள்ல எங்க தெருவே மெதடிஸ்ட் சபைக்கு மாறிடுச்சு. அப்புறம் எங்க ஆளுங்க பழைய ஊர்ச் சர்ச்சுப் பக்கம் போனது புதைக்கறதுக்கு மட்டும்தான். ஞானஸ்நானமெல்லாம் சபையில. இரு, ஊர்ல இருக்கிற என் பொண்ணை அங்க போய்ப் பதிவைப் பார்க்கச் சொல்றேன்."

லாமிங்டன் தீர்ந்து, தேநீர் இரண்டாம் சுற்று ஆறிப்போன பிறகு படம் வந்தது. கெஸியா, ஜான், கிரேஸ் தம்பதியின் மகள், ஞானஸ்நானம் 1837.

டெல்சி கிழவரின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். மகிழ்ச்சி தாங்காமல் மெர்வின் தலையில் ஒரு குட்டும் வைத்தாள். வழக்கமாய்த் திருப்பிக் கொடுப்பவன், இந்த முறை கொடுக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தான்.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. கூடலின் முடிவில் இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். அந்தந்தக் கிளையிலிருந்து ஒருவர் எழுந்து "இருக்கோம்" என்பார். டெல்சி முதலில் இரண்டு வயதில் இறந்த சின்னக் கெஸியாவை அழைத்தாள். வால்டர் தடியை ஊன்றி எழுந்து, கூரை அதிர "இருக்கோம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

காலையில் மெர்வ் அவள் காதில் மெதுவாகக் கேட்டுக்கொண்ட பெயர் கடைசியாக வந்தது.

"மெர்வின் ஹாக்கிங். எட்டு மாதம்."

மெர்வ் எழுந்தான். யாரோ, "நீ உயிரோட தானேடா இருக்க" என்றதும் கூடம் குலுங்கிச் சிரித்தது. மெர்வும் சிரித்தான், கண்ணில் நீர் கொட்டியது.

"இருக்கோம்" என்றான். "ரெண்டு பேரும்."