இசக்கிசெல்விக்கு மூன்று அடி தள்ளுபடி

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தி கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறக்காததால்தான் இந்தக் கதை பிறந்தது. திறந்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். திறக்காததால் இத்தனை பக்கம். எழுத்தாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறார்கள் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

தொடக்கம் ஒன்று: "ஒரகடத்தின் மேல் சூரியன் மெல்ல எழுந்தபோது, பச்சைப் புல்வெளியில் மூன்று தோழிகள்..." நிறுத்தினேன். ஒரகடத்தில் சூரியனுக்கு முன்பே கம்பெனி பஸ்கள் எழுந்துவிடும். புல்வெளியும் பச்சை இல்லை.

தொடக்கம் இரண்டு: "நட்பு என்பது..." இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

தொடக்கம் மூன்று: நாங்கள் கோல்ஃப் விளையாடினோம்.

சிரித்து முடித்துவிட்டு வாருங்கள் வாசகரே, காத்திருக்கிறேன்.

2.

விளையாடியவர்கள் மூன்று பேர்: காவேரி, இசக்கிசெல்வி, நான். (நான்காவதாக ரஞ்சனியும் உண்டு. "என்னை உன் கதையில போட்டா அப்புறம் பேசமாட்டேன்" என்றாள். போடவில்லை. அவள் அடித்த பந்துகளும் இந்தக் கதையில் எங்கும் விழாது.)

பதினைந்து வருடங்களுக்கு முன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், போன் சார்ஜர் செய்யும் லைனில் நாங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள். காவேரி வடக்குப்பட்டுக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு ஒரு கொரியக் குடும்பத்துக்குச் சமைக்கப் போனாள். இசக்கிசெல்வி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவள், தண்டலம் ஹாஸ்டலில் என் அறைத்தோழி. நான் கலைமணி. அதே தொழிற்சாலையில் இன்னும் இருக்கிறேன், நிரந்தர ஊழியராக.

கொரிய மேடம் ஊருக்குத் திரும்பும்போது தன் கோல்ஃப் பையைக் காவேரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய மனசு. மேடம் இடதுகைக்காரர். மட்டைகள் எல்லாமே இடதுகைக்காரர்களுக்கானவை என்பது, வலதுகைக்காரிகளான நாங்கள் முதல் பந்தை அடித்தபோதுதான் தெரிந்தது. ஆகவே திறமையில் எங்களுக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது. எல்லோரும் ஒரே அளவுக்கு மோசம்.

மைதானம், ஒரகடத்துக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில். யாரோ ஒருவர் கோல்ஃப் மைதானத்தோடு வில்லாக்கள் என்று விளம்பரம் செய்து, பதினெட்டுக் குழிக்குப் படம் போட்டு, மூன்று குழி வெட்டியதும் வேலையை நிறுத்திவிட்டார். வில்லா ஒன்றுகூட எழவில்லை. காவேரியின் சித்தப்பா கன்னியப்பன் அங்கே வாட்ச்மேன். புல்லை அளவாக வைத்திருப்பது அவருடைய ஆடுகள். (அந்த நிலம் முன்பு யாருடையது என்று இங்கே உருக்கமாக ஒரு பத்தி வரவேண்டும். வராது. ஆடு மேய இடம் கிடைத்ததில் சித்தப்பா திருப்தியாக இருக்கிறார், நாம் ஏன் கெடுக்க வேண்டும்.)

நான்கு ஞாயிறு, நான்கு சுற்று, எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் ஒரு கோப்பை. நான்காவது ஞாயிறு முடிந்ததும் இசக்கி ஓசூர் போகிறாள். அவள் வேலை செய்யும் கம்பெனி அங்கே புது ஆலை திறக்கிறது. காவேரிக்கு அது வழியனுப்புப் போட்டி. எனக்கு அது ஒரு கெடு. அந்த நான்கு ஞாயிறுக்குள் இசக்கியிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

3.

அது என்ன விஷயம் என்பதை உங்களிடமிருந்து மறைத்து வைத்துக் கடைசியில் வெடிக்கவைக்கலாம். கதை தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

அன்று லைன் நின்றது.

அன்று யாரோ சிவப்புப் பொத்தானை

அன்று இருந்த சூழ்நிலையில், வேறு வழியில்லாமல்

சரி. அன்று லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கியது நான். உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டிருந்தேன். விழித்தபோது எட்டு சார்ஜர்கள் நான் போடவேண்டிய திருகாணி இல்லாமல் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பயத்தில் லைனை நிறுத்தி, எட்டையும் பொறுக்கி என் தட்டில் போட்டுக்கொண்டேன். மறுபடி ஓட்டுவதற்குப் பதினோரு நிமிடம் ஆனது. பொத்தான் எனக்கும் இசக்கிக்கும் நடுவில் இருந்தது.

சூப்பர்வைசர் வெங்கடேசன் வந்தார். "நான் இல்ல சார்" என்றாள் இசக்கி. முந்தின மாதம்தான் தாமதமாக வந்ததற்காக அவள் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியாம்மா?"

"குனிஞ்சிருந்தேன் சார். பாக்கல."*

அவ்வளவுதான். அந்த வருடம் நிரந்தரமானவர்களின் பட்டியலில் என் பெயர் இருந்தது. பழி இசக்கி மேல் விழுந்தது, அவளை அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு இந்தப் பதின்மூன்று வருடத்தில் ஒன்பது கம்பெனி மாறிவிட்டாள், எல்லாவற்றிலும் ஒப்பந்த வேலை. ஓசூரிலும் அதுதான். "நாம மூணு பேரும் பழகுதது ஒண்ணுதான் எனக்குப் பெர்மனென்ட்" என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

(இசக்கியை ரொம்ப நல்லவளாகக் காட்டுகிறேனோ? அப்படிக் காட்டினால் என் தப்பு பெரிதாகத் தெரியும், கதையும் கனக்கும். எனவே இதையும் எழுதிவைக்கிறேன்: குறட்டை விடுவாள். ஹாஸ்டலில் என் சோப்பைத்தான் போட்டுக் குளித்தாள், இல்லவே இல்லை என்று சாதித்தாள்.)

* குனிந்திருந்தது உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு பதின்மூன்று வருடம் ஓட்டலாம். நானே ஓட்டியிருக்கிறேன்.

4.

கோல்ஃபில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறவர் ஜெயித்தவர். பலவீனமானவருக்கு மட்டும் கணக்கில் சில அடிகளைக் கழித்துக்கொள்வார்கள் என்று மேடம் சொல்லியிருந்தாராம். அவர் சொன்னது ஆட்டத்தில் பலவீனம். காவேரி எடுத்துக்கொண்டது வேறு.

"வீக்கா கீறவங்களுக்குக் கொறைக்கணுமாம். அப்போ யாருக்கு இன்னா கஷ்டம், சொல்லுங்க" என்றாள்.

நான் திருத்தியிருக்கலாம். ஆட்டத்தில்தான் எல்லோரும் ஒரே மோசமாயிற்றே என்று விட்டுவிட்டேன். 'கஷ்ட அடி' அப்படித்தான் எங்கள் விதிகளில் சேர்ந்தது. ஞாயிறு காலை பந்தை வைப்பதற்கு முன் கமிட்டி, அதாவது நாங்களே, கூடும். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தால் ஓர் அடி கழிவு. ஹாஸ்டலில் தண்ணீர் வராவிட்டால் ஒன்று. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தால் ஒன்று, திரும்பிப் போகும் தேதியைச் சொல்லாமல் வந்திருந்தால் இரண்டு. துக்கம் விசாரித்துவிட்டு ஆரம்பிக்கும் விளையாட்டு உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். காவேரி தன் மாமியாரை வைத்தே ஒரு ஞாயிறு நான்கு அடி கேட்டாள். கமிட்டி மூன்று கொடுத்தது.

இசக்கி தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. நான்தான் அவளுக்காகக் கேட்டேன். முதல் ஞாயிறு அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். "இசக்கிக்கு அப்போ வேலை போச்சுல்ல, ஒரு அடி கொறைப்போம்" என்று வந்தது. இரண்டாவது ஞாயிறும் வாயெடுத்தேன், இன்னோர் அடி கொடுத்தேன். மூன்றாவது ஞாயிறும் அப்படியே. சொல்வதைவிடக் கொடுப்பது எவ்வளவு சுலபம். கேட்கிறவர்களுக்கு என் தங்க மனசுதான் தெரியும்.

5.

நான்காவது ஞாயிறு. கடைசிப் பந்தும் குழிக்குள் விழுந்தது. காவேரி பேப்பரை முழங்காலில் வைத்துக் கூட்டினாள். மாமியார் அவ்வளவு உதவி செய்தும் அவளுக்குக் கடைசி இடம்.

"கஷ்ட அடி மூணையும் கழிச்சா இசக்கி ரெண்டு அடியில ஜெயிச்சிட்டா. கழிக்கலன்னா கலை ஒரு அடியில ஜெயிச்சிட்டா. கழிச்சாச்சு, எடு கோப்பைய."

"எனக்கு அந்த மூணும் வேண்டாம்" என்றாள் இசக்கி.

"தோத்துடுவ, பாத்துக்கோ."

"தோத்தா தோத்துட்டுப் போறேன். வேலை போயி பதிமூணு வருசம் ஆச்சு, நானே அதை மறந்துட்டேன். இவ ஏன் வாராவாரம் அதுக்கு ஒண்ணு தாரா?" என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி கலை, என் மேல உனக்கு என்ன இவ்வளவு இரக்கம்? எதுக்குன்னு சொல்லு, வாங்கிக்கிடுதேன்."

குரலில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

6.

முடிவு அ: நான் சொல்லிவிடுகிறேன். அவள் இடதுகை மட்டையை எடுத்து வலது கையால் என் முதுகில் போடுகிறாள். ஆடுகள் சிதறி ஓடுகின்றன. நன்றாகத்தான் வந்தது. ஆனால் நான் அடி வாங்குவதை நானே ரசித்து ரசித்து மூன்று பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: நான் சொல்வதற்கு முன்பே அவள், "எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி" என்று என் கையைப் பிடிக்கிறாள். இருவர் கண்களிலும்

நிறுத்தினேன். என்னை மன்னிக்கும் வேலையையும் அவளுக்கே ஒப்பந்தத்துக்கு விடுவதா?

முடிவு இ, அதாவது நடந்தது. நான் சொன்னேன்:

"பந்து ஈரமா இருக்கு. தொடச்சு பையில வை."

அவள் பந்தைச் சுடிதார் நுனியில் துடைத்துப் பையில் வைத்தாள். திங்கட்கிழமை ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டாள். கோப்பை யாருக்கும் போகவில்லை. காவேரி வீட்டில் அதில் ஸ்பூன் போட்டு வைத்திருக்கிறார்கள்.

7.

காவேரியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கதையாக எழுதிக்கொண்டிருப்பதையும் சொன்னேன்.

"அவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்றத வுட்டுட்டு, ஊருக்கே கத எழுதிக்கினு கீறியா?" என்றாள். "நல்லா கீது உன் நாயம்."

இந்தக் கதைக்கு இதைவிடச் சரியான விமரிசனம் வரப்போவதில்லை. போனில் சொல்ல நினைக்காமல் இல்லை. பாதி சொல்லும்போதே அவள் "பரவால்லட்டி, விடு" என்று சொல்லிவிடுவாள் என்று பயம். யோசிக்காமல் அவள் கொடுக்கும் அந்தப் "பரவால்ல"வும் எனக்கு ஒரு கஷ்ட அடிதான். அதை நான் வாங்கக் கூடாது. அவள் முழுவதும் தெரிந்துகொண்டு, ஆற அமர யோசித்து, அப்புறம் எதைச் சொன்னாலும் சரி.

ஆகவே வாசகரே, இத்தனை நேரம் உங்களைக் கூப்பிட்டுப் பேசியதற்கு மன்னியுங்கள். இதை இன்னும் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. உங்களுக்கு முன்னால் படிக்க வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள்.

இசக்கி, என் கதைகளைக் கம்பெனி பஸ்ஸில் போனில் படிப்பாய், பாதியில் தூங்கிவிடுவாய். தெரியும். இதில் மூன்றாம் பகுதியையாவது முழித்திருந்து படி. எதுக்கு என்று கேட்டாயே, அதுக்குத்தான்.

அந்த மூன்று அடியை என்ன செய்வது என்று இனி நீதான் சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டால் ஜெயித்தது நீ. வேண்டாம் என்றால் ஜெயித்தது நான், இரண்டாவது தடவையாக.