கார்டு ஒத்துவராத வீடு

குடிநீர் அலுவலகத்தின் புகார் பிரிவில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு வேலை ஒன்றுதான்: யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது. அதே மனிதர் ஒரு வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வாழ்க்கைப்பட்டும் விட்டால், சாயங்காலமும் அதே வேலையைத் தொடர வேண்டியிருக்கும். நம்முடைய மாப்பிள்ளை இரண்டு இடத்திலும் நல்ல பெயர் எடுத்திருந்தார். கழுத்துதான் கொஞ்சம் வலித்தது.

அவரைக் காப்பாற்றி வந்தது வீட்டிலிருந்த மின்சாரக் கார். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் சார்ஜ் போட வசதி கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைவீதிக்குப் பின்னால் இருந்த பொதுச் சார்ஜருக்கு வண்டியை ஓட்டிப் போவார். அங்கே பணம் கட்டுவதற்கு ஓர் ஆப். அந்த ஆப் அந்த வீட்டில் அவர் போனில் மட்டும்தான் இருந்தது.

ஒரு காலத்தில் அது நிஜமாகவே மகா மட்டமான ஆப். போன் நம்பரைக் கேட்கும். ஓடிபி அனுப்புவதாகச் சொல்லும். ஓடிபி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று கோபித்துக்கொள்ளும். முன்பணம் போடச் சொல்லும், போட்டு முடித்ததும் "நீங்கள் யார்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒருமுறை துணைக்குப் போன மாமியார், வெயிலில் காய்ந்து கருவாடாகித் திரும்பிவந்து, இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று அறிவித்தார். மற்றவர்களும் அதைக் கேட்டுத் தெளிந்துகொண்டார்கள்.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் ஆப்பைச் சரிசெய்துவிட்டான். ஒரு தட்டுத் தட்டினால் சார்ஜ் ஏற ஆரம்பித்துவிடும். அரை மணியில் வேலை முடிந்துவிடும். இந்தச் செய்தியை மாப்பிள்ளை வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சார்ஜ் ஏறியதும், அடுத்தவருக்கு இடம் விட்டு நாகரிகமாக வண்டியை ஒரு மரத்தடிக்கு நகர்த்துவார். கண்ணாடிகளை ஏற்றுவார். சீட்டைச் சாய்த்துக்கொண்டு சும்மா கிடப்பார். பாட்டுக்கூடப் போட மாட்டார். பாட்டிலும் யாராவது ஒருத்தர் எதையாவது குறைசொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? வெயில் உச்சிக்கு ஏறியதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். "இன்னிக்கும் படுத்திடுச்சு அந்த ஆப்" என்பார். வீடே உச்சுக்கொட்டும்.

இந்தச் சொர்க்கத்தில் மண்ணள்ளிப் போட்டவன் மைத்துனன். செல்போன் கடையில் வேலை. உதவி செய்யாமல் அவனால் இருக்க முடியாது. ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கார்டைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தான்.

"அத்தான், இனிமே அந்த ஆப்போட மாரடிக்க வேண்டாம். புது மெஷின் வச்சிருக்காங்க. இந்தக் கார்டை மேல காட்டினாப் போதும். சாவிக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருவோம், யார் வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம்."

யார் வேண்டுமானாலும்! மாப்பிள்ளை எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"கார்டெல்லாம் ஆபத்து தம்பி. தொலைஞ்சு போச்சுன்னா?"

"ஒரு போன் பண்ணினா நிறுத்திடுவாங்க."

"ரெண்டு தடவை பணம் எடுத்துட்டா?"

"எடுக்காது அத்தான்."

"ரசீது?"

"வரும்."

"இருந்தாலும் ஆப்புல ஒரு..." மாப்பிள்ளை சொல்லைத் தேடினார். "ஒரு மனநிறைவு இருக்கு."

மாதக்கணக்கில் அதே ஆப்பைச் சபித்துக்கொண்டே சாப்பிட்ட மனிதர் சொல்கிற பேச்சா இது என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "பாவம், வெயில்ல நின்னு நின்னு மாப்பிள்ளைக்கு அதுவே பழகிப்போச்சு" என்றார் மாமியார்.

"இந்த வாரம் நான் போய்ட்டு வரேங்க. நீங்க ஒரு நாளாவது வீட்டுல நிம்மதியா இருங்க" என்றாள் மனைவி. அவள் மழலையர் பள்ளி டீச்சர். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வருகிறவளிடம் மறுபேச்சுப் பேச முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் நிம்மதியாக இருந்தார். குடிநீர் அலுவலகத்துக்காரர் வீட்டில் இருக்கிறார் என்ற செய்தி மாடிக்கு மாடி பரவியது. மேல்வீட்டுக்காரர் தன் வீட்டுக் குழாயில் காற்றுத்தான் வருகிறது என்றார். கீழ்வீட்டம்மா ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். மைத்துனன் புதுப் போனின் சிறப்புகளை விளக்கினான். மாமியார் தன் குறைகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தார். ஒரு தட்டு, அரை மணி. இந்நேரம் வந்திருக்க வேண்டுமே?

சமையல் முடிந்து, ஆறியும் போன பிறகுதான் அவள் வந்தாள்.

"கார்டு எடுக்கலைங்க" என்றாள். "ரொம்ப நேரம் சுத்தவிட்டு, கடைசியிலதான் எடுத்துச்சு. ஒரே தலைவலி."

"எடுக்கலையா? நேத்து நானே போய்க் காட்டிப் பார்த்தேனே!" என்று மைத்துனன் குதித்தான்.

மாப்பிள்ளை மனைவியின் முகத்தைப் பார்த்தார். இடது கன்னத்தில் ஒரு கோடு ஓடியது. கார் சீட்டின் தையல், ஒரு நூல்கூடப் பிசகாமல் அப்படியே பதிந்திருந்தது. மாப்பிள்ளை வழக்கமாக அதைக் கண்ணாடியில் பார்த்துத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். பாவம், இவள் புதுசு.

ஒரு வார்த்தை போதும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஆனால் அந்தக் கோடு எப்படி வரும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டால்?

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் மாப்பிள்ளை. "கார்டு நம்ம வீட்டுக்கு ஒத்துவராது."

அவள் அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே உற்றுப் பார்த்தாள். கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"ஆமாங்க, ஆப்பே தேவலை. என் போன்லயும் ஏத்திக் குடுங்க. ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான். எல்லாக் கஷ்டத்தையும் நீங்களே படணுமா?"

சொர்க்கத்தில் பாதி கைவிட்டுப் போனது. மீதிப் பாதிக்காவது பட்டா கிடைத்ததே என்று மாப்பிள்ளை மனதைத் தேற்றிக்கொண்டார்.

மைத்துனன் விடுவதாக இல்லை. "கார்டைக் குடுக்கா! இப்பவே போய் வீடியோ எடுத்துட்டு வரேன்!"

அவன் கை நீட்டுவதற்குள், மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வந்து கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நீ இருடா. நான் போய்ப் பார்க்கிறேன்."

"அப்பா, வண்டியில சார்ஜ் நிறைய இருக்கு! இப்பப் போய் என்ன பண்ணுவீங்க?"

"கார்டு வேலை செய்யுதான்னு பொறுமையா உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?" என்றார் மாமனார். சோபாவிலிருந்த தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.