காற்று இறங்கிய தெரு

"என் வண்டியோட நாலு சக்கரத்துக் காத்தையும் உங்க பொண்ணு உறிஞ்சிட்டா. இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?" என்று ரொட்டிக்கடைக்காரர் நடுத்தெருவில் நின்று கத்தியபோது, பஞ்சர் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு ட்யூபை அமுக்கிப் பிடித்தபடி, "குழந்தையை விடுங்க, வால்வைப் பத்திப் பேசுங்க" என்றார்.

"வால்வு போன வாரம் நீங்க மாத்தினதுய்யா."

"அப்ப ஆணி குத்தியிருக்கும்."

"நாலு சக்கரத்துலயும் ஒரே நேரத்துலயா? ஆணியெல்லாம் என்ன, பேசி வச்சுக்கிட்டு வந்துச்சா?"

அந்த நேரம் பார்த்து மாடியில் சிறுமி இருமத் தொடங்கினாள். இடையில் மூச்சு இழுக்க இடமே கொடுக்காத இருமல். தெரு பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்த்தது. கடைசியில், அடைத்த குழாயில் காற்று நுழைவதுபோல் ஒரு நீண்ட ஊளையோடு அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அப்போதுதான் காற்றடித்து நிறுத்தியிருந்த ரொட்டி வேனின் முன்சக்கரம் எல்லார் கண்ணெதிரிலும் உஸ்ஸென்று உட்கார்ந்தது. "பாத்தீங்களா" என்றார் ரொட்டிக்கடைக்காரர். ஜெயித்த குரலாக அது இல்லை. பயந்த குரலாக இருந்தது.

சிறுமிக்கு ஐந்து வயது. எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் தெருவில் சுண்டெலி என்று பெயர். அவளுக்குக் கீழே ஒரு தம்பி, பிறந்து மாதம் ஒன்றைத் தாண்டியிருந்தான். அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், பிரசவத்துக்காக வீட்டில் இருந்தாள். பிரசவம் பார்க்க வந்த அம்மாவின் தங்கை இன்னும் ஊர் திரும்பவில்லை. அக்காவுக்காக இருக்கிறாள் என்று சிலர் சொன்னார்கள், ரொட்டி வேன் டிரைவருக்காக என்று சிலர். இரண்டும் உண்மைதான். கீழே கடை, மேலே ஒன்றரை அறை. அந்த ஒன்றரை அறையில்தான் ஐந்து பேரும் ஒரே காற்றை மாற்றி மாற்றிச் சுவாசித்தார்கள்.

முதலில் வெறும் சளி என்றுதான் நினைத்தார்கள். கஷாயம், ஆவி, மார்பில் தைலம் என்று தெருவில் ஆளாளுக்கு வைத்தியராகிப் பார்த்தார்கள். சளி போனது, இருமல் தங்கிவிட்டது. ஒருமுறை ஆரம்பித்தால் முகம் செக்கச் செவேலென்று ஆகி, கண் பிதுங்கி, நாக்கு வெளியே தள்ளி, தின்றதையெல்லாம் கக்கிய பிறகே விடும். ஊளை வந்த நாளிலிருந்து காற்றும் போகத் தொடங்கியது. முதலில் கடைக்கு வந்த சைக்கிள்கள், பிறகு பள்ளிப் பிள்ளைகளின் பந்து, பிறகு மோட்டார் சைக்கிள்கள். பலூன்காரர் தெருவை மாற்றிக்கொண்டார். முடிதிருத்தும் கடைக்காரருக்குக் காது கூர்மை. கத்தியை நிறுத்திவிட்டு, "இது ரெண்டு சைக்கிள் இருமல்" என்பார், "இது வேனுக்கே போதும்" என்பார். சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

டாக்டரம்மா ஒரே ஊளையைக் கேட்டதும் கக்குவான் இருமல் என்று சொல்லிவிட்டார். ஊசியெல்லாம் போட்டாச்சா என்று கேட்டார். அம்மா சேலைத் தலைப்பை முறுக்கினாள். "கைக்குழந்தையில போட்டோம். அப்புறம் வீடு மாத்தினோம். நல்லா ஓடியாடிட்டு இருக்காளேன்னு விட்டுட்டோம்." டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் அம்மாவுக்குத் தாங்க முடியவில்லை. வீட்டில் எல்லாருக்கும் மருந்து எழுதினார். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கைக்குழந்தையை அக்காவிடம் அண்டவிடாதீர்கள் என்றார். தம்பிக்கு முதல் ஊசிக்கான நாளே இன்னும் வந்திருக்கவில்லை. "ஒண்ணு கவனிங்க. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இந்த ஊளை வராது. இருமக்கூடத் தெம்பு இருக்காது. சத்தமில்லாம மூச்சு நின்னுடும். உதட்டையே பாத்துக்கிட்டு இருங்க. நிறம் மாறினா ஒரு நிமிஷம் யோசிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க." டயர் விஷயத்தைப் பஞ்சர்க்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டரம்மா, "அது எனக்குத் தெரியாது, நான் மனுஷங்களுக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து அம்மாவும் தங்கையும் முறை போட்டுத் தம்பியின் உதட்டைப் பார்த்தார்கள். உறங்கும்போதும் பார்த்தார்கள், பால் குடிக்கும்போதும் பார்த்தார்கள். அம்மா இருமினால் தங்கை திடுக்கிட்டாள், தங்கை தும்மினால் அம்மா அழுதாள். தம்பி சமர்த்தாக உறங்கினான். அவன் அவ்வளவு சமர்த்தாக இருந்ததாலேயே மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்த்தார்கள்.

பஞ்சர்க்காரருக்குக் கவலை இரண்டு. கடைக்கு ஆள் வருவது நின்றுவிட்டது. காற்றடித்து முடிப்பதற்குள் இறங்குகிற கடைக்கு யார் வருவார்கள்? மேலே மகள் இருமும்போதெல்லாம் சக்கரம் இறங்கிய யாராவது நியாயம் கேட்டு வாசலில் நின்றார்கள். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. காற்று போகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்ன டாக்டரம்மாவின் பேச்சு, ரொட்டிக்கடைக்காரரின் கத்தலில் அவர் காதில் நிற்கவில்லை. பழைய ட்யூபுகளைக் கத்தரித்து, உரசி, சொல்யூஷன் தடவி, ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு, சுவர் வெடிப்பு, குழாய் நுழைகிற ஓட்டை என்று மேல்வீடு முழுக்க ஒட்டினார். "என்னங்க இது, வெந்து சாகணுமா?" என்று மனைவி கேட்டதற்கு, "ஊர்க் காத்தை ஊருக்கே விட்டுடுவோம், நம்ம பொண்ணு நம்ம வீட்டுக் காத்தை இழுக்கட்டும்" என்றார். அவர் ஒட்டிய பேட்ச் பிரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. மறுநாள் சுண்டெலி இருமினாள், தெருவில் ஒரு சக்கரமும் இறங்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் பெரிய மனது பண்ணி ஒரு பன் கொடுத்தனுப்பினார்.

அடுத்த நாள் மதியம், கடையில் இரண்டு சைக்கிளும் ஒரு லாரியும் காத்திருந்தபோது, மேலே சுண்டெலிக்கு வந்த இருமல் வழக்கத்தைவிட நீளம். முதல் ஊளையில் காலண்டர் அவள் பக்கம் சாய்ந்தது. இரண்டாவதில் கொடித் துணியெல்லாம் அவளை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவதில் அடுப்பு அணைந்தது. அடுப்பைப் பார்க்கத் திரும்பிய தங்கை மறுபடி தம்பியைப் பார்த்தாள். சத்தமே இல்லை. உதடு, சலவைக்கடை நீலச் சட்டையின் நிறத்தில் இருந்தது.

"அக்கா" என்றாள். தம்பியைத் தூக்கி அவள் முன்னால் நீட்டினாள்.

அம்மா ஜன்னலுக்கு ஓடினாள். திறக்கவில்லை. நகத்தால் ரப்பரைப் பிராண்டினாள், பல்லால் கடித்தாள். சத்தம் கேட்டு மூன்று படிகளை ஒன்றாகத் தாவி வந்த பஞ்சர்க்காரர் வெளியிலிருந்து கதவை இழுத்தார், உள்ளே காற்றில்லாமல் அது ரப்பரோடு நிலையில் இறுகிக் கிடந்தது. அவர் கைவேலை அவருக்கே வழிவிடவில்லை. உள்ளே சுண்டெலி இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு மூலையில் நின்றாள். "கையை எடுடி" என்று சித்தி கத்தினாள். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு விரலிடுக்கில், "நான் இழுக்கல சித்தி, தம்பி இழுத்துக்கட்டும்" என்றாள். தெருவே தன்னைப் பற்றிப் பேசியதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பஞ்சர்க்காரர் டயர் கழற்றும் கடப்பாரையோடு திண்டாடி, மாடிப்படிக் கைப்பிடியில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை அடித்து உடைத்தார். பிறகு நடந்ததைத் தெருவில் இருந்த அத்தனை பேரும் ஒரேமாதிரி சொல்கிறார்கள், இந்தத் தெருவில் அது அபூர்வம். முதலில் கடை வாசலில் இருந்த சைக்கிள்கள் உட்கார்ந்தன. அடுத்து லாரி, ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்தது. கம்ப்ரஸர் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. தெருக்கோடி வரைக்கும் உஸ், உஸ் என்று சக்கரங்கள் இறங்க, அந்தக் காற்று முழுவதும் ரப்பர் வாசனையோடு உடைந்த ஜன்னல் வழியே போய், கை அகலம்கூட இல்லாத ஒரு மார்புக்குள் நுழைந்தது. தம்பி ஒரு மூச்சு விட்டான். உதடு வெளுத்தது, சிவக்கவில்லை. அடுத்த மூச்சு வருமா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும். தெருவில் காற்றுள்ள சக்கரம் ஒன்றுகூட இல்லை. ரொட்டி வேன் டிரைவர், "ஏறுங்கண்ணே, ரிம்முலயே போவோம்" என்றார். "ரிம்மு போயிடும்டா" என்று ரொட்டிக்கடைக்காரர் வாயைத் திறந்தார், அம்மாவின் கையிலிருந்ததைப் பார்த்தார், தாமே போய் வேன் கதவைத் திறந்து பிடித்தார். சக்கரத்து இரும்பு ரோட்டில் உரசித் தீப்பொறி பறக்க வேன் போனது. தம்பிக்கு மூச்சு நிற்கும். அம்மா வேன் ஜன்னலுக்கு வெளியே அவனைப் பிடித்துக் காட்டுவாள். வழியோரம் நிற்கிற ஏதாவது ஒரு கார் முனகிக்கொண்டு உட்காரும். ஒரு மூச்சு வரும். அடுத்து ஒரு பள்ளிப் பேருந்து, அடுத்து ஒரு தீயணைப்பு வண்டி. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே வெறும் மதில்சுவர் ஓடுகிற ஒரு நீளமான ரோடு இருக்கிறது. அங்கே யாரும் வண்டி நிறுத்துவதில்லை. அந்த ரோட்டைப் பற்றி அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கைதான் சொன்னாள்: பஞ்சர்க்காரர் தன் வாயைப் பிள்ளை வாயில் வைத்து, வாழ்நாளில் முதல்முறையாக மெல்ல, மெல்லக் காற்றடித்தார்.

ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பல வாரம் வைத்திருந்தார்கள். வாசலில் நின்ற டாக்டர்களின் கார்களும் இறங்கிக் கிடந்தன. காவலாளி சண்டைக்கு வர, ஒரு நர்ஸ், "டயர்தானே, போய்யா" என்று அனுப்பிவைத்தார். சுண்டெலியின் இருமல் மாதக்கணக்கில் இழுத்து, சைக்கிள் அளவுக்குக் குறைந்து, பந்து அளவுக்குக் குறைந்து, ஒருநாள் காணாமல் போனது. மூச்சுவிடப் பயப்படாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட அதிக நாள் ஆனது. அந்த வருடம் தெருவில் ஊசி போடாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. ரொட்டிக்கடைக்காரரே தன் பேரன்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

டிரைவரும் தங்கையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளைக்கு ரொட்டிக்கடைக்காரர் கொடுத்த பரிசு, நெளிந்துபோன அந்த நாலு ரிம்கள். கிண்டலா மரியாதையா என்று இன்னும் முடிவாகவில்லை. முடிதிருத்துபவர் கடையை மூடிவிட்டு, கட்டிக்கொடுத்த மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். பஞ்சர் கடை அங்கேயேதான் இருக்கிறது, மேல்வீட்டு ஜன்னலுக்கு மட்டும் இதுவரை கண்ணாடி போடவில்லை. தம்பி இப்போது பள்ளிக்கு ஓடுகிறான். மாடிப்படி ஏறி வந்து அவன் மூச்சு வாங்கினால் தெருவில் யாருடைய சக்கரமாவது கொஞ்சம் இறங்கும். வண்டிக்காரர் இறங்கி, சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்து, "பையன் வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு, காற்றடிக்க வரிசையில் நிற்பார்.