சிவப்பு மூடி

பதினேழாம் கூண்டுக்குள் கையை விட்டபோது முட்டைகள் இரண்டும் சில்லென்று இருந்தன. மணி காலை எட்டு. அந்த நேரத்தில் பெண்புறா முட்டை மேல் இருக்க வேண்டும். சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை பத்துவரை பெண்ணின் முறை, பத்திலிருந்து சாயங்காலம்வரை ஆணின் முறை. எந்த முதலாளியும் போட்டுக் கொடுக்காத ஷிப்ட், ஆனாலும் தவறுவதில்லை. பதினேழாம் கூண்டுப் பெண்ணோ கம்பியின் மறுகோடியில் நின்று, கூடு எதிர்வீட்டுக்காரருடையது என்பதுபோல் இறகைக் கோதிக்கொண்டிருந்தது. ஆண்புறா அதற்கும் கூட்டுக்கும் நடுவே நடந்து, குனிந்து குனிந்து கூவியது. அவள் பதிவேட்டைத் திறந்து, "17: பெண் கூட்டில் இல்லை, முட்டை குளிர்ந்துள்ளது" என்று எழுதினாள். பதிவேட்டில் அதற்கு மேல் எழுதக் கட்டம் கிடையாது.

பதினொரு வருடமாக இதுதான் அவள் வேலை. ஆராய்ச்சிக்கூடத்தின் வாட்ச்மேனில் ஆரம்பித்து எல்லோருக்கும் அவள் 'புறாக்கா'. தீனி, தண்ணீர், தட்டு கழுவுவது, எடை பார்ப்பது, ஊசி போடுவது. இந்த முறை இருபத்துநான்கு ஜோடிகள். பெண்புறாவுக்கு மட்டும் தினமும் ஓர் ஊசி. பன்னிரண்டுக்குச் சிவப்பு மூடி போட்ட பாட்டிலிலிருந்து, பன்னிரண்டுக்கு நீல மூடியிலிருந்து. ஒன்றில் மருந்து, மற்றொன்றில் மருந்தில்லாத வெறும் கரைசல். எது எதுவென்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், பார்ப்பதை விட்டுவிட்டு நினைப்பதை எழுதிவிடுவார்கள் என்பது ஆராய்ச்சியை நடத்தும் மேடத்தின் சித்தாந்தம். விவரம் மேடத்தின் மேசை டிராயரில் ஒட்டிய கவருக்குள் இருந்தது.

மருந்து என்ன செய்யும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். முட்டை வந்ததும் பறவையின் மூளைக்கு அடியில் பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு சுரப்பி ஏதோ ஒன்றைச் சுரக்கிறது. அது ஏற ஏற, தொண்டைப்பை தடித்துப் பால் ஊறும். புறாவில் அம்மாவுக்கும் ஊறும், அப்பாவுக்கும் ஊறும். மருந்து அந்தச் சுரப்பை அடைத்துவிடும். அடைத்தால் பால் நிற்கும், அது நிச்சயம். பால் நின்ற பறவை முட்டை மேல் உட்காருமா, எழுந்து போய்விடுமா என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் இத்தனை தட்டு கழுவல்.

இதே மருந்தை அவளும் சாப்பிட்டிருந்தாள்.

எட்டாம் மாதம் பிள்ளை வயிற்றிலேயே அசையாமல் போய்விட்டது. பெண் குழந்தை. பெற்றெடுத்த மூன்றாம் நாள், குடிக்க ஆளில்லாத பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாயிற்று. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதினாலு நாள், காலை ஒன்று, இரவு ஒன்று. அட்டையில் இருந்த பெயரைப் படித்ததும் அவளுக்குத் தெரிந்த முகத்தை வெளியூரில் பார்த்தது போலிருந்தது. ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலில் மூன்றாவது பெயர்.

அவள் அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதபோது, அவள் நர்ஸிடம் தன் செருப்பு எங்கே என்று கேட்டாள். செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து வாளியில் துணி ஊறப்போட்டாள். துணைக்கு வந்திருந்த நாத்தனார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையே உனக்கு" என்றாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். அவளுக்கும் ஆச்சரியம்தான். எங்கே கிள்ளினாலும் வலிக்காத இடமாக அவள் முழுவதும் ஆகியிருந்தாள். இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, விடுப்பு மீதமிருக்கும்போதே வேலைக்குத் திரும்பினாள்.

கணவருக்கு முடிதிருத்தும் கடை. ஆண்களுக்கு ஒரு பக்கம், திரைபோட்டுப் பெண்களுக்கு ஒரு பக்கம். தெருவே அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிடும். கத்திரியைவிட வாய் வேகமாக ஓடும் மனிதர், பிள்ளை போனதிலிருந்து கடையில் வானொலியைப் போட்டுவிட்டு வாயைக் கட்டிக்கொண்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அக்கா அவங்க ஊருக்கு வரச் சொல்றாங்க. மாமா கடையில ஒரு நாற்காலி காலியா இருக்காம்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல." சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "உன்ன அழச் சொல்லல நான். ஆனா இந்த வீட்டுல நான் ஒருத்தன் மட்டுமே அவள நெனச்சிட்டு இருக்கற மாதிரி இருக்கு. தனியா முடியல என்னால."

அவள் மோர் ஊற்றட்டுமா என்று கேட்டாள். அவர் எழுந்து கை கழுவப் போனார். அலமாரி மேலிருந்த பயணப் பை மறுநாள் கட்டிலுக்கு வந்திருந்தது.

பதினேழாம் கூண்டில் முட்டை குளிர்ந்தது அதற்கடுத்த வாரம். பதினேழு சிவப்பு மூடி. அவள் அந்தக் கூண்டின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பெண்புறா தீனி தின்றது, தண்ணீர் குடித்தது, நன்றாகவே இருந்தது. சாயங்காலம் ஆணின் முறை முடிந்தும் பெண் வரவில்லை. ஆண் எழுந்திருக்கவில்லை, விளக்கு அணையும்வரை அப்படியே இருந்தது. 'மருந்துதான்' என்று அவளுக்குத் தோன்றியது. அதன் தப்பு இல்லை, மருந்து. பல வாரங்களுக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரை இறங்கியது. அன்றிலிருந்து அவளுக்குச் சிவப்பு மூடி என்றால் மருந்து. மற்ற பதினொரு சிவப்பு மூடிகளும் அசையாமல் முட்டை மேல் உட்கார்ந்திருந்ததைத் தன் கையாலேயே பதிவேட்டில் எழுதினாள். எழுதும்போதே, இதுகளுக்கு மருந்து இன்னும் ஏறவில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். பதினொரு வருட அனுபவம் ஒரே ஒரு புறாவிடம் தோற்றது.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னாள்.

"எனக்குக் குடுத்த மாத்திரை இருக்கில்ல, பால் நிக்கறதுக்கு? அதான் இப்படிப் பண்ணியிருக்கு. பறவைக்குப் போடறோம், அதுவும் முட்டைய விட்டுட்டு எழுந்து போயிடுது. மருந்து இறங்கினா சரியாயிடும்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "எப்ப இறங்கும்?"

"மாத்திரை சாப்பிட்டதுலேருந்து மூணு மாசம் ஆகும். இன்னும் மூணு வாரந்தான்."

அந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. பறவைகளுக்கு நாலே நாளில் இறங்கிவிடும். ஆனால் அவர் நம்பினார். பை மறுபடி அலமாரி மேல் போனது. கடை காலண்டரில் ஒரு தேதியைப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார், அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இரவில் அவள் முதுகில் கை வைத்து, "ஏதாவது தெரியுதா?" என்று கேட்பார். காய்ச்சலா என்று கேட்பது போல் இருக்கும். அவள், "கொஞ்சம்" என்பாள். ஒன்றுமே தெரியவில்லை.

வட்டம் போட்ட தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மேடம் கவரைப் பிரித்தார். பறவைகளின் தொண்டைகளை ஸ்கேன் கருவியில் பார்த்து முடித்திருந்தார்கள். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காகிதத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டபடி உற்சாகமாகச் சொன்னார்.

"நீலந்தான் மருந்து. நல்லா வேலை செஞ்சிருக்கு. பன்னெண்டுக்கும் தொண்டையில ஒரு சொட்டுப் பால் இல்ல."

"சிவப்பு இல்லையா மேடம்?"

"சிவப்புல ஒண்ணும் கிடையாது. வெறும் கரைசல். இதப் பாருங்க, அழகா இருக்கு. நீலம் பன்னெண்டும் கடைசி நாள்வரைக்கும் முட்டைமேலயே இருந்திருக்கு. எல்லாம் ரெண்டு மூணு ஈடு முட்டை பொரிச்ச பறவைங்க. பால் போனாலும் உக்கார்றத விடல."

அவள் கையிலிருந்த தட்டுகளை மேசையில் வைத்தாள். "அப்ப பதினேழு?"

மேடம் பக்கத்தைப் புரட்டினார். "பதினேழு... அதுவும் ரெண்டு ஈடு பொரிச்சதுதான். தானாதான் போயிருக்கு."

"ஏன் மேடம்?"

"தெரியலையே. சிலது போகும்." அவர் பென்சிலால் பதினேழின் மேல் ஒரு கோடு போட்டு, அடுத்த வரிக்குப் போனார்.

அவள் தட்டுகளைக் கழுவி அடுக்கினாள். ஒன்றையும் உடைக்கவில்லை. பதினேழாம் கூண்டுக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கவுமில்லை. அந்தப் புறா மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது, அது ஒன்றுதான் அன்று அவளுக்கு வந்த உணர்ச்சி. அதுவும் பஸ் ஸ்டாப் வருவதற்குள் தீர்ந்துபோயிற்று. வீட்டில் ஒரு மனிதர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

அன்று கடைக்கு விடுமுறை. அவர் குளியலறையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வளைந்த கம்பி ஒன்றால் தண்ணீர் போகும் துளையைக் குடைந்துகொண்டிருந்தார். தண்ணீர் கணுக்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. அவள் வாசற்படியில் நின்றே சொன்னாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கழற்றினால் சொல்லாமலே விட்டுவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"மருந்து இல்லைங்க. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மருந்து போட்டதெல்லாம் உக்காந்துதான் இருந்திருக்கு. எழுந்து போனதுக்கு மருந்தே போடல. மூணு மாசம்னு நான் சொன்னதும் பொய். எனக்கு ஏன் இப்படி இருக்குன்னு தெரியல."

அவர் கை நிற்கவில்லை. கம்பியைச் சுழற்றி மெதுவாக மேலே இழுத்தார். கூடவே நீளமாக, கருப்பாக, கொத்தாக முடி வந்தது. தண்ணீர் களுக்கென்று இறங்கியது. அவர் அதைக் கையில் எடுத்து, தொழில்காரர் பார்வையில் வேர்ப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்படிக் கொட்டுது?"

"பத்து நாளா இருக்கும். பார்க்கல சரியா."

"கடைக்கு வர்ற பொம்பளைங்க சொல்லுவாங்க," என்றார். "குழந்த பெத்தவங்களுக்கு மூணாம் மாசம் கொத்துக்கொத்தாக் கொட்டும். கொஞ்ச நாள்ல தானா நின்னுடும். பயப்பட ஒண்ணுமில்ல."

பிள்ளை போனதிலிருந்து அவளை யாரும் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட வேறு வார்த்தைதான் போட்டிருந்தார்கள். அழுகை வருமா என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. தலை மட்டும் கனத்தது.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். முன்னறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோளில் கைவைத்து அவளை உட்கார வைத்தார். கொண்டையை அவிழ்த்தார். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து, சிக்கை இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்போடு முடி வந்தது. நாள் முழுக்க ஊரார் முடியைத் துடைப்பத்தால் தள்ளிக் குப்பையில் கொட்டுகிறவர், இதை ஒரு இழை கீழே விழவிடாமல் இடது கையில் சேர்த்துக்கொண்டார். கைக்குள் அடங்காமல் அது விரல்களுக்கு வெளியே வந்தது.

"தலையக் குனி," என்றார். "இன்னும் இருக்கு."

அவள் குனிந்தாள்.