ஃபேனுக்குப் போர்த்திய பொன்னாடை

நன்றியுரை தொடங்கினால் கோதண்டத்தின் மிக்சர் அணைந்துபோகும். மிக்சர் என்றால் தட்டில் வைத்துக் கொறிப்பது அல்ல. மைக்கில் வரும் குரலை ஏற்றி இறக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. பேச்சு கேட்கக் கேட்க அதற்குச் சூடு ஏறும். 'ஒலிபெருக்கி அமைத்துத் தந்த' என்பது வரை தாங்கும். அதற்கு அடுத்த சொல்லைத் தாங்காது. அடுத்த சொல் கோதண்டத்தின் பெயர்.

எங்கள் ஊரில் நன்றியுரையில் பெயர் வராதவர் இருப்பதாகவே கணக்கில்லை. பந்தல்காரர் பெயர் வரும். தண்ணீர் கேன் போட்டவர் பெயர் வரும். கோதண்டம் மட்டும் விழாவுக்கு விழா கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தான். முதலில் பந்தியில் அவன் இலையைத் தாண்டிப் போனார்கள். பிறகு பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டார். அதை மரியாதை என்று நினைத்து அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து போனான். நம்முடைய அறிவு அவ்வளவுதான் என்று பிற்பாடு அவனே சொல்லிக்கொண்டான்.

கடைசியில் அவன் மனைவி அம்சவேணி ஒரு தட்டு மட்டும் வைக்க ஆரம்பித்தாள்.

அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. சாயங்காலம் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாள். அவன் பக்கத்திலேயே நிற்பான்.

"வந்துட்டேன்" என்பான்.

"இன்னும் காணமே" என்பாள், தெருமுனையைப் பார்த்து.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊர் பார்க்காவிட்டால் போகிறது. அவளும் பார்க்காவிட்டால் இருந்து என்ன பிரயோசனம்? தன் பெயர் வரும்வரை தாங்குகிற மாதிரி மிக்சருக்கு ஒரு ஃபேன் வைத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கிற பாஷா கடைக்குப் போனான். அந்தக் கடையில் எந்தச் சாமானுக்கும் பெயர் கிடையாது. அதனால் பாஷாவுக்கு அவன் தெரிந்தான்.

"ஒரு ஃபேன் வேணும் பாய். மிக்சர் சூடாவுது."

"இன்னா பேசறாங்க அதுல?"

"எல்லாந்தான்."

"அப்போ பெரிசா எடுத்துக்கோ" என்று உள்ளங்கை அளவில் ஒன்றைக் கொடுத்தார்.

"சின்னதா கீதே."

"ஓடட்டும். வளரும்."

கோதண்டம் மிக்சரின் முதுகில் ஓட்டை போட்டு ஃபேனைப் பொருத்தினான். விழா நாளுக்குள் அது தோசைக்கல் அளவு ஆகிவிட்டது. காற்றும் நன்றாக வந்தது. புத்திசாலியாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பான். புதுச் சாமான் ஆயிற்றே என்று சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு மாலையும் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேற்குத் தெரு மன்றத்தின் ஆண்டு விழா. மன்றச் செயலாளர் ஏகாம்பரம் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். மூலையில் மாலையோடு ஒருவர் இருப்பதைக் கண்டு பதறிப்போனார்.

"சிறப்பு விருந்தினரை இங்கயா உக்கார வெச்சீங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

"அது ஃபேன் சார். மிக்சருக்கு வெச்சது" என்றான் கோதண்டம்.

"ஃபேன் அவர்கள் வந்துட்டாரு" என்று ஏகாம்பரம் மேடையைப் பார்த்துச் சொன்னார்.

நான்கு பேர் மிக்சரை ஒயரோடு தூக்கிக்கொண்டு போய் நடு நாற்காலியில் வைத்தார்கள். கோதண்டம் பின்னாலேயே ஏறினான். மேடையில் கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று யாரோ காற்றிடம் சொன்னார்கள். இறங்கிவந்து கடைசி வரிசையில் நின்றான். அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

பிறகு பொன்னாடை போர்த்த ஆரம்பித்தார்கள். தலைவர் ஒன்று, துணைத்தலைவர் ஒன்று, பொருளாளர் ஒன்று. மன்றத்தில் பதவி இல்லாதவர் யாரும் இல்லை. ஃபேன் மூச்சுவிட வழியில்லாமல் ஜரிகைக்குள் மறைந்தது. சூட்டு வாடை கடைசி வரிசைக்கு வந்தது.

கோதண்டம் மேடையை நோக்கி நடந்தான். எங்கள் மண்டபத்தில் பேச்சு நீண்டால் மண்டபமும் நீளும். அதற்குத் தனி வாடகை இல்லை. பொருளாளர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். கோதண்டம் எத்தனை வரிசையைத் தாண்டினாலும் முன்னால் இன்னும் நாற்காலிகள் இருந்தன.

"பொன்னாடையை எடுங்க" என்று போகிற வழியில் எல்லாரிடமும் சொன்னான். ஒருவர் அவன் மேல் பையை வைத்தார்.

அடுத்து ஃபேன் அவர்களைச் சிறப்புரை ஆற்ற அழைத்தார்கள். மைக்கை அதன் முன்னால் நகர்த்தி வைத்தார்கள்.

"ம்ம்ம்ம்" என்றது ஃபேன்.

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. யாரையும் தாக்கவில்லை, யாரையும் புகழவில்லை. இப்படி ஒரு ஆழமான பேச்சைக் கேட்டு வெகுநாளாயிற்று என்று முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் ஒரே ஒரு சொல்தான் இருந்ததால் மண்டபம் நீளவில்லை. கோதண்டம் ஓடினான்.

மேடை ஏறும்போது ஏகாம்பரம் நன்றியுரையில் பந்தலை முடித்துத் தண்ணீர் கேனுக்கு வந்திருந்தார். மிக்சரிலிருந்து புகை கிளம்பியது. கோதண்டம் பொன்னாடைகளை உருவினான். பொன்னாடையைத் தரையில் போடக்கூடாது. மேடையில் வேறு இடமும் இல்லை. ஒவ்வொன்றாகத் தன் மேலேயே போர்த்திக்கொண்டான். ஃபேன் மூச்சுவிட்டது. புகை அடங்கியது.

"ஒலிபெருக்கி அமைத்துத் தந்த" என்றார் ஏகாம்பரம்.

மிக்சர் அணையவில்லை.

கோதண்டம் அத்தனை ஜரிகைக்கும் அடியில் வியர்த்து ஒழுக, கைகூப்பித் தயாராக நின்றான். ஏகாம்பரம் அவன் பக்கம் திரும்பினார். அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார்.

"ஃபேன் அவர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி."

கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. கடைசி வரிசை வரைக்கும் மணியாகக் கேட்டது. தொழில்காரன் என்ற முறையில் அதை அவன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான்.

மிக்சரைத் தோளில் வைத்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். ஸ்பீக்கரில் சொன்ன பெயர் அவனுக்கு முன்னாலேயே வீடு வந்திருந்தது. அம்சவேணி வாசலில் நின்றாள்.

"வாங்க" என்றாள் ஃபேனைப் பார்த்து.

உள்ளே இரண்டு தட்டு வைத்திருந்தாள். மிக்சரை வாங்கி ஒரு தட்டின் முன்னால் வைத்து, பிளக்கைச் சொருகி, சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள். காற்று பட்டு அவள் நெற்றி வியர்வை காய்ந்தது.

"விழா எப்பிடிப் போச்சு?" என்று ஃபேனைக் கேட்டாள்.

கோதண்டம் ஃபேனுக்குப் பின்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வாயை மூடிக்கொண்டு, ஃபேனின் சுருதியிலேயே, "ம்ம்ம்ம்" என்றான்.

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா?"

"ம்ம்ம்ம்."

ஊற்றினாள். சோற்றைப் பிசையும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்காவது நேரத்தோட வந்தீங்களே" என்றாள்.

கோதண்டத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மூக்கை உறிஞ்சவில்லை. உறிஞ்சினால் சுருதி விட்டுப்போகும்.