கூட்டினால் பூஜ்யம்

லேப்டாப்பைத் திறந்துபோட்டுவிட்டு அண்ணன் குளிக்கப் போயிருந்தான். திரையில் அவனுடைய கடைசி வருட புராஜெக்ட். முதல் பக்கத்தில் பிரேம் என்று அவன் பெயர். நான்காவது பக்கத்தில் என் கொட்டகைப் படம். இரண்டு வாசல், வாசலுக்கு ஒரு சிலேட்டு. நான் வரைந்த அதே கோணல் கூரை.

பதினொன்றாம் வகுப்பில் என் படிப்பை நிறுத்திய பிறகு அவனுடைய கம்ப்யூட்டர் புத்தகங்களைத்தான் படித்தேன். நினைவகத்தில் ஓர் இடத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று, கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். பூஜ்யம் ஆனதும் அந்த இடத்தை அழித்துவிடும். நான்கு பிராசசர்களும் ஒரே எண்ணை மாற்றப் போட்டி போட்டால் வேகம் போய்விடும். ஆண்டிமடத்தில் அம்மா வேலை பார்க்கும் முந்திரிக் கொட்டகையில், உள்ளே இருப்பவர்களை எண்ணி எழுத ஒரே பலகைதான். அதன் முன்னால் தினமும் தள்ளுமுள்ளு. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது. வாசலுக்கு ஒரு சிலேட்டு. வந்தால் ஒன்று கூட்டு, போனால் ஒன்று கழி, வேண்டும்போது மட்டும் எல்லாவற்றையும் கூட்டிப் பார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தால் எனக்கு வார்த்தை வராது. மிச்சமிருந்த ரெக்கார்டு நோட்டுகளில் எழுதி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

கொல்லையில் அண்ணன் போனில் சிரிப்பது கேட்டது.

"படமா? நானேதான்டா வரைஞ்சேன். தங்கச்சியா? அது டென்த் ஃபெயிலுடா. வூட்ல எதையாச்சும் கிறுக்கிக்கிட்டுக் கெடக்கும்."

பத்தாவதில் நான் நானூற்று அறுபத்திரண்டு. அவனைவிட முப்பது அதிகம்.

மீதிப் பக்கங்களையும் தள்ளிப் பார்த்தேன். ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் கோடு போட்டது, இடப்பக்கம் வெற்றுத்தாள். பள்ளியில் பழகியபடி திருத்தங்களை இடப்பக்கத்தில் பென்சிலால் எழுதுவேன். அவன் கோடு போட்ட பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்திருக்கிறான்.

அவன் விட்டுவிட்ட இடப்பக்கத்தில் இருப்பது இதுதான். முதல் வாசல் சிலேட்டைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு நடப்பதற்குள், முதல் வாசலில் புதிதாக ஒருத்தி நுழையலாம், உள்ளே இருந்த ஒரே ஒருத்தி இரண்டாவதில் வெளியேறலாம். கூட்டினால் பூஜ்யம் வரும். ஆள் உள்ளே இருக்கும்போதே கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள். கெர்னலும் அப்படித்தான், பயன்பாட்டில் இருக்கும் இடத்தையே அழித்துவிட்டு நின்றுபோகும். பூட்டுவதற்கு முன் சிலேட்டுகளை நிறுத்தி, எல்லோரையும் ஒரே பலகைக்கு வரவழைக்க வேண்டும். அவன் புரோகிராமில் அது இல்லை. ஒரு நிமிடம் ஓட்டினால் தெரியாது. அரை மணி நேரம் ஓடினால் தெரியும்.

தலை துவட்டிக்கொண்டே வந்தான்.

"என்ன நோண்டற அங்க?"

"ஒண்ணுமில்லண்ணா. நாளைக்கு எவ்ளோ நேரம் ஓட்டிக் காட்டணும்?"

"ஒன் அவர். கம்பெனிலேர்ந்து வராங்க. புடிச்சிருந்தா அங்கயே வேலை. ஒனக்கு எதுக்கு இதெல்லாம்? போயி காபி போடு."

சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பெரம்பலூர் காலேஜுக்கு பஸ் ஏறினான். நான் வாசலில் முந்திரிக்கொட்டையைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு, அம்மா வீட்டில் வைத்துவிட்டுப் போன போன் அடித்தது. அண்ணன்.

"முத்தமிழு, சிஸ்டம் நின்னுபோச்சு. ரெண்டு தடவ ஓட்டிட்டேன், ரெண்டு தடவையும் நின்னுபோச்சு. அந்த நோட்ட எடுத்துப் பாரேன், வேற எதாச்சும் எழுதியிருக்கான்னு."

"எந்த நோட்டுண்ணா?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ ஆங்கிலத்தில் எதையோ கேட்டார்.

"அதான்... ஒன் நோட்டு. பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க. சொல்லும்மா."

'ம்மா' என்று அவன் என்னை அழைத்ததே இல்லை.

போனை முந்திரிக்கொட்டைகளின் மேல் வைத்தேன். துண்டிக்கவில்லை. காலால் கொட்டைகளைத் தள்ளித் தள்ளி, வெயில் எல்லாவற்றிலும் படும்படி பரப்பினேன். நடுவிலிருந்து அவன் குரல், டப்பாவில் அடைத்த வண்டு போல, என் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.